தந்தியில் வந்த இறந்தகாலம்

தந்திக்காரர் உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை. மடிப்புப் பகுதியில் பேச்சு சட்டென்று நின்றதால்தான் தலை நிமிர்ந்தேன்.

எங்கள் பனியன் கம்பெனியில் ஆபீஸ் என்பது பலகை அடித்துத் தடுத்த ஒரு மூலை. பலகைக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பனியன்களை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். அவர்கள் பேச்சும் என் டைப்ரைட்டர் சத்தமும் நாள் முழுக்க ஒன்றாக ஓடும். அன்று இரண்டும் நின்றன.

காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. அறுபதுகளின் நடுவில் தந்தி என்றால் சாவு. நல்ல சேதிக்குத் தந்தி அடிக்கும் வழக்கம் எங்கள் யார் வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் வெளியூரில் இருக்கும் தன் ஆளை நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

"கையெழுத்துப் போடுங்க அம்மிணி" என்று தாளை என் மேஜைமேல் வைத்தார். போட்டேன். அவர் போகும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளி இஸ்மாயில் ராவுத்தர் மெஷின் பக்கத்திலிருந்து வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்தார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரிந்த மேனேஜர் மெட்ராஸ் போயிருந்தார்.

"எங்கிருந்துங்க அம்மிணி?"

"கல்கத்தாங்க."

பலகையின் ஓரத்தில் ராமாத்தாள் வந்து நின்றாள். எங்கள் லைன் வீட்டில் எனக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தவள். அவள் புருஷன் செல்லமுத்து எங்கள் கம்பெனி ஃபிட்டர். கல்கத்தாவில் ஒரு வியாபாரியிடம் பழைய மெஷின் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துக் கட்டிக் கொண்டுவர அவரை முதலாளி அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. கல்கத்தாவில் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

"படிங்க" என்றார் முதலாளி.

பென்சிலில், எல்லாம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. புள்ளியில்லை, கமா இல்லை. செல்லமுத்து காலரா ஹாஸ்பிடல் ஹேட் ஒன் டே பீன் லாஸ்ட் வுட் ஹேவ் டைட் லெட்டர் ஃபாலோஸ்.

கடைசிக்குச் சற்று முன்னால் இருந்த, சாவைச் சொல்லும் சொல்தான் முதலில் கண்ணில் பட்டது. டைட். அதற்குப் பிறகு முன்னால் இருந்தவை எல்லாம் தாமாகவே வரிசையில் வந்து நின்றுகொண்டன.

"காலராங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. ஒரு நாள் போயிருச்சாம்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "செத்திருப்பாருன்னு போட்டிருக்குதுங்க."

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்து அதில் உட்கார்ந்தார். "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அந்தக் கட்டடம் அத்தனை அமைதியாக இருந்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கூரைத் தகரம் வெயிலில் நெளியும் சத்தம் கேட்டது. ராமாத்தாள் அழவில்லை. கையில் பாதி மடித்த பனியனோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரும்பலகையில் மூன்று கோடுகள்

இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்ததற்கு உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கடிதம் காரணம். என் டைப்ரைட்டிங் நாட்களைப் பற்றி இந்தப் பத்தியில் படித்த ஒரு வாசகி, "ஆங்கிலத்தில் டென்ஸ் என்பது காலத்தை மட்டும்தான் சொல்லுமா? 'இஃப் ஐ வேர்', அதாவது 'நான் மட்டும் இருந்தால்' என்பதில், ஏன் நடக்காததற்கு இறந்தகாலம் போடுகிறார்கள் என்று என் மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

அம்மா, எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. தெரியாததனால் ஒரு வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் இழவு விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் கரும்பலகையில் மூன்று கோடுகள் போடுவார். நேற்று, இன்று, நாளை. வினைச்சொல்லை எந்தக் கோட்டில் வைப்பது என்பதுதான் பாடம். "ஹேட் வந்தா, நேத்துக்கும் முந்தி முடிஞ்சதுன்னு வெச்சுக்குங்க" என்பார். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். முதல் வகுப்பில் பாஸ் பண்ணினேன். நம் இலக்கணத்தில் அதற்குப் பேரே இறந்தகாலம். அந்தப் பேரில் ஒரு பயம் இருப்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தடவை இடறியிருந்தேன். அந்தக் கல்கத்தா வியாபாரியே ஒரு கடிதத்தில், "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் சென்ட் சாம்பிள்ஸ்" என்று எழுதியிருந்தார். சாம்பிள் அனுப்ப முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது சொல்லுக்குச் சொல் அர்த்தம். வாஸ் என்றிருந்ததால் அது முடிந்துபோன விஷயம் என்று ஃபைலில் குத்திவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மேனேஜர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இப்பத்தான் கேக்கறாருங்க அம்மிணி. நேரா கேட்டா மொட்டையா இருக்கும்னு ஒரு அடி தள்ளி நின்னு கேக்கறாரு" என்றார். வாசலில் நின்று செருமுவது போல, என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதை மரியாதைக்கான ஒரு வித்தை என்று மட்டும் மனதில் குறித்தேன். வேறு எங்கும் அது வரும் என்று தோன்றவில்லை.

நாமும் இப்படித்தான் பேசுகிறோம் என்பதும் அப்போது கவனத்தில் இல்லை. மெஷினுக்கடியில் படுத்திருக்கும் செல்லமுத்துவைக் கூப்பிட்டால், "இதா வந்துட்டேனுங்க" என்பார். வர அரைமணி ஆகும். வீட்டை விட்டுப் போகிறவர் "வர்றேன்" என்கிறார். இதையெல்லாம் கேட்டு நாம் ஏமாறுவதில்லை. காகிதத்தில் பென்சிலால் எழுதி வந்தால்தான் ஏமாறுகிறோம்.

பார்த்தவன் சொல்வானா?

பொழுது சாய்வதற்குள் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து செல்லமுத்துவின் அண்ணன் சென்னியப்பன் வந்துவிட்டார். முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். கூடவே உறவுக்காரர் ஏழெட்டுப் பேர். லைன் வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள்.

நான் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா என்னை வெளியே வரச் சொன்னாள். என்னால் முடியவில்லை. அந்த அழுகை முழுக்க என் வாயிலிருந்து புறப்பட்டதாகத் தோன்றியது.

சென்னியப்பன் நல்ல மனிதர். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஆனால் எதையும் தள்ளிப்போடத் தெரியாதவர். "காலரா பொணத்த அவங்க குடுக்கமாட்டாங்க. நாம போய்ச் சேரவே ரெண்டு மூணு நாளாகும். காலையில ஆத்தங்கரையில சடங்க முடிச்சிரலாம்" என்றார். சடங்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ராமாத்தாளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. யாரோ வெள்ளைச் சேலை வாங்கப் போய்விட்டார்கள் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராமாத்தாளே எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கதவைச் சாத்தினாள். கண் வறண்டு கிடந்தது.

"அம்மிணி, எப்பன்னு போட்டிருக்குதா?"

"போடலீங்க அக்கா."

"செத்துட்டாருன்னு போட்டிருக்குதா?"

"செத்திருப்பாருன்னு..."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் சில்லென்று இருந்தது.

"இருப்பாருன்னா? பக்கத்துல நிக்கறவன் அப்புடிச் சொல்லுவானா கண்ணு? தூரத்துல இருக்கற நாமதான் இந்நேரம் சோறு தின்னிருப்பாரு, தூங்கியிருப்பாருன்னு சொல்லுவோம். ஆஸ்பத்திரியில கூட இருக்கறவன் செத்தா செத்தாருங்குவான். இல்லீன்னா இருக்காருங்குவான். இதென்ன நடுவால?"

தந்தித் தாள் கம்பெனியில் முதலாளியிடம் இருந்தது.

ஹேட் நின்ற இடம்

பின்வாசல் வழியாகக் கம்பெனிக்கு ஓடினேன். விளக்கு வைக்கும் நேரம். முதலாளி மட்டும் இருந்தார். கல்கத்தா வியாபாரிக்கு டெலிபோன் இருந்தது. வெளியூர் ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு போனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கல்கத்தா லைன் காலைக்குள் கிடைப்பது சந்தேகம் என்று எக்ஸ்சேஞ்சில் சொல்லிவிட்டார்களாம்.

"தந்தியக் குடுங்க முதலாளி."

டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகி அந்த வரியை அப்படியே அடித்தேன். எனக்கு யோசனை விரலில்தான் ஓடும். முதலில் தந்தியில் இருந்தபடியே. பிறகு ஒரு இடத்தில் புள்ளி வைத்து. பிறகு வேறொரு இடத்தில்.

ஹாஸ்பிடலுக்குப் பிறகு புள்ளி வைத்தபோது என் கை நின்றது. அதுவரை ஹேட் என்பதை நான் முன்னால் இருந்த சொல்லோடு ஒட்டிப் படித்திருந்தேன். இப்போது அது ஒரு வாக்கியத்தின் தலையில் தனியாக நின்றது. ஹேட் ஒன் டே பீன் லாஸ்ட். ஒரு நாள் தாமதமாகியிருந்தால். வுட் ஹேவ் டைட். செத்திருப்பார்.

தமிழிலும் அதே சொல்தான். மத்தியானம் நான் சொன்ன அதே சொல். தனியாகச் சொன்னால் செத்துப்போனார் என்று ஊகிப்பது. ஓர் 'இருந்தால்' முன்னால் வந்துவிட்டால் சாகவில்லை என்று ஆகிவிடுகிறது. நடந்ததைச் சொல்லும் உடுப்பை நடக்காததற்கு மாட்டிவிட்டிருந்தார்கள். அங்கே ஹேட் காலத்தையே சொல்லவில்லை. நம்மிடமிருந்து எட்டி நிற்கும், நடக்காமல் போன ஒன்றைச் சொன்னது.

சந்தோஷம் வரும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. வந்தது முன்னைவிடப் பெரிய பயம். மத்தியானம் ஒரு அர்த்தத்தில் அத்தனை நிச்சயமாக இருந்தேன். இப்போது இன்னொன்றில் நிச்சயமாக இருக்கிறேன். இதுவும் தப்பாக இருந்தால்? செத்தவன் பெண்டாட்டியிடம் போய் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வேன்? தந்தி வந்த பிறகு ஏதாவது ஆகியிருந்தால்? எனக்கு இருபத்தொரு வயது. தாளை உருவும்போது கிழித்துவிட்டேன்.

முதலாளியிடம் சொன்னேன்.

"நிச்சயமாங்களா அம்மிணி?"

"முக்கால்வாசிங்க."

"மீதிக் கால்வாசிக்கு நான் வர்றேன். நடங்க" என்று எழுந்து செருப்பைப் போட்டார்.

முற்றத்தில் ஒப்பாரி நின்றது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு சென்னியப்பன் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"மத்தியானம் செத்துட்டாருன்னீங்க. இப்ப இல்லீங்கறீங்க. நாளைக்கு என்னங்குவீங்க அம்மிணி? இது என்ற தம்பி உசுருங்க. டைப் அடிச்சு அழிக்கற காயிதமில்லீங்க."

"நான் செத்துட்டாருன்னு சொல்லலீங்க. செத்திருப்பாருன்னுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஒண்ணில்லீங்க மாமா."

சொன்னது ராமாத்தாள். வாசல்படியில் நின்றிருந்தாள். பேச்சு தணிவாகத்தான் வந்தது. முற்றம் முழுக்கக் கேட்டது.

"கல்கத்தாக்காரன் போன்ல பேசட்டும். செத்துட்டாருன்னு ஒரு சொல்லு அவன் வாயில வந்தா, நானே கழட்டி உங்க கையில குடுத்தர்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் என்ற கழுத்துல கை வெக்கக் கூடாதுங்க."

கூட்டத்தில் ஒரு கிழவி அவளைத் திட்டினாள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "விடியட்டுமுங்க சென்னியப்பண்ணே. ஒரு ராத்திரிதானுங்க." அவர் சொல்லைத் தட்ட முடியாமல் சென்னியப்பன் திண்டாடினார். கடைசியில் வெளியே போய் நின்றுகொண்டார்.

இஸ் ஹி?

மறுநாள் பத்து மணிவாக்கில் போன் அடித்தது. உறவுக்காரர்கள் கையோடு கொண்டுவந்திருந்த வெள்ளைச் சேலை, ஒரு தட்டில் மடித்து ஆபீஸ் மூலையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ராமாத்தாள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் வாசலில் நின்றார்.

முதலாளி எடுத்தார். "ஹலோ, ஹலோ" என்று கத்தினார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் இருந்த வியாபாரிக்குத் தமிழ் தெரியாது.

அதற்கு முன் நான் டெலிபோனில் இங்கிலீஷ் பேசியதில்லை. காதில் மணல் கொட்டுவது போல இரைச்சல். அதற்கு அடியில் ஒரு குரல். என்ன கேட்பது என்று இரவெல்லாம் வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது இறந்தகாலத்தில் வந்துவிடுமோ என்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

"செல்லமுத்து..." என்றேன். "இஸ் ஹி...?"

அதற்குமேல் வரவில்லை. ராமாத்தாளின் மூச்சு என் பிடரியில் பட்டது.

"இஸ்!" என்று அந்தக் குரல் கத்தியது. "யெஸ், யெஸ், ஹி இஸ்! ஹி இஸ் டிரிங்கிங் பார்லி!"

நான் திரும்பினேன். "பார்லித் தண்ணி குடிக்கறாருங்க அக்கா" என்றேன். ராமாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சென்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தை மூடினார்.

நான் அழவில்லை. அன்று மாலைவரை எனக்கு வாந்தி எடுத்தது.

பாதத்தைத் தொட்டவள்

கடிதம் நாலாம் நாள் வந்தது. மூன்று பக்கம். செல்லமுத்துவுக்குக் காலரா கண்டதும் அந்த வியாபாரியே ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு நாள் கழித்துக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாம் எத்தனை சீக்கிரம் கொண்டுபோனோம் என்பதை எங்களுக்குத் தெரிவித்து நிம்மதி அளிக்கத்தான் அந்தத் தந்தி. நல்ல மனிதர். நல்ல இங்கிலீஷ். தந்திக்கு அத்தனை நல்ல இங்கிலீஷ் ஆகாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதல் நாள் சாயங்காலமே சேதி ஊருக்குப் போயிருந்தது. செல்லமுத்துவின் தாய்க்கு எழுபது வயதிருக்கும். மறுநாள் சென்னியப்பன் போய், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். யார் போய்ச் சொன்னாலும் தலையை ஆட்டுவாள். சோற்றைத் தொடமாட்டாள். கஞ்சித் தண்ணீர் மட்டும்.

நானும் ஒருநாள் போனேன், ராமாத்தாளோடு. அந்தக் கடிதத்தை எடுத்துப்போய்ப் படித்துக்காட்டினேன். கிழவி என்னைப் பார்த்து, "நீதானே சாமி மொதல்ல படிச்சது?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல். அந்தக் கேள்வி என்னோடு பல வருஷம் இருந்தது. ஆபீஸில் எந்தக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்வதற்குமுன் மூன்று முறை படிப்பேன். மேனேஜர் எரிந்து விழுவார். இருந்தும் படிப்பேன்.

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று செல்லமுத்து வர. பாதி ஆளாக இறங்கினார், தலை மொட்டை. சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. ஸ்டேஷனிலிருந்து நேராக ஊருக்குத்தான் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தாய் இன்னும் எதை நம்பாமல் போவாளோ என்று வழியெல்லாம் பயம்.

கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தவள் அவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக் கீழே பார்த்தாள். பிறகு கட்டிலை விட்டு இறங்கி, தவழ்ந்து வந்து, இரண்டு கையாலும் அவர் பாதத்தையும் அதற்கடியில் இருந்த மண்ணையும் தடவினாள். பேய்க்குக் கால் தரையில் படாது என்பார்களே. பாவாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, "சோறு போடுங்க" என்றாள். அவருக்கா தனக்கா என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து ராமாத்தாள் ஆபீஸுக்குள் வந்தாள். மடிப்பு வேலை முடிந்து பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தந்தி நாளைப் பற்றி அவளும் நானும் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவள் என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒருபோதும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மிணி, அந்தக் கல்கத்தாக்காரருக்கு ஒரு கடுதாசி அடிக்கோணும்."

"சொல்லுங்க அக்கா. நன்றின்னு அடிக்கட்டுமா?"

"அதும் அடி. அவரு மகராசன், நல்லா இருக்கோணும். இன்னொண்ணும் அடி." சொல்வதற்குமுன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இனிமே ஆருக்குத் தந்தி அடிச்சாலும், இருக்காருன்னு மொதல்ல அடிக்கச் சொல்லு. அப்பறம் மத்த கதையெல்லாம் எப்புடி வேணாலும் அடிச்சுக்கட்டும்."

அப்படியே அடித்தேன்.